குளிர் ஊரில் ஐந்து லீட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பு மெலியுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு 34 வயது, மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். உயரம் ஐந்தடி ஓரங்குலம், நிறை 71 கிலோ. காலையில் வெறும் வயிற்றில் ஒரு லீட்டர் சுடுதண்ணீர், நாள் முழுக்க ஐந்து லீட்டர், அப்படிக் குடித்தால் மாதம் பத்துக் கிலோ குறையும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். சிநேகிதி ஒருவர் அதைச் செய்து, இராச் சோற்றையும் விட்டு, முதல் வாரமே நாலு கிலோ குறைந்தாராம். உங்களால் இரண்டு போத்தலைத் தாண்ட முடியவில்லை. குளிரில் தாகமே எடுப்பதில்லை என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: தேயிலைக் கொழுந்து எடுக்கும் மாமியார் தேத்தண்ணீர் தவிர எதையும் குடிப்பதில்லை, அடிக்கடி சிறுநீர் எரிச்சல் என்கிறார், அவருக்கும் இந்த ஐந்து லீட்டர் கணக்கைச் சொல்லலாமா?

இது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. உங்கள் நிறைக்கும் தண்ணீருக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தம் இல்லை. உங்கள் மாமியாரின் எரிச்சலுக்கும் தண்ணீருக்கும் நிறையச் சம்பந்தம் இருக்கிறது. நான் நுவரெலியா மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினொரு வருஷம் நீரிழிவு, பிரஷர் கிளினிக்கில் இருந்தேன். நான் வைத்தியர் அல்ல. உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கை எதையும் பார்க்கவும் இல்லை. அதனால் பொதுவாகத் தெரிந்ததையும், எங்கள் கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கண்டதையும் சொல்கிறேன்.

நிறையிலிருந்து தொடங்குவோம். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. சுடுதண்ணீரும் கரைக்காது, பச்சைத் தண்ணீரும் கரைக்காது. எண்ணெய்ச் சட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவதைக் காட்டி விளக்குகிறார்கள், பார்க்க நம்பும்படிதான் இருக்கும். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது, மிஞ்சியது சிறுநீராக வெளியே போகிறது. இடுப்பிலும் வயிற்றிலும் இருக்கும் கொழுப்பு உடலின் கலங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சாப்பாட்டில் வரும் சக்தி அன்றைய செலவுக்குப் போதாமல் போனால்தான் உடம்பு அதில் கைவைக்கும். குளிர்ந்த தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவரக் கொஞ்சம் சக்தி செலவாகும் என்பது உண்மை. கணக்குப் போடுங்கள்: 15 பாகை குளிரில் இருக்கும் ஐந்து லீட்டர் தண்ணீரை 37 பாகைக்குச் சூடாக்க 110 கலோரி வேண்டும். ஏறக்குறைய அரைத் தேங்காய் ரொட்டி. வீடியோ சொல்கிற சுடுதண்ணீருக்கு அந்த அரை ரொட்டிக் கணக்கும் கிடையாது, ஏனென்றால் அது ஏற்கெனவே உடம்பைவிடச் சூடு.

2003இல் ஜெர்மனியில் 14 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அரை லீட்டர் தண்ணீர் குடித்தபின் உடம்பின் சக்திச் செலவு கொஞ்ச நேரத்துக்கு 30 சதவீதம் கூடியது என்று அதில் கண்டார்கள். ‘தண்ணீர் குடித்தால் கொழுப்பு எரியும்’ என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. பின்னால் மற்ற ஆய்வாளர்கள் அதையே செய்து பார்த்தபோது அப்படி ஒரு கூடுதலைக் காணவில்லை. அதனால் அதைச் சந்தேகத்துக்குரியது என்றுதான் வைக்க வேண்டும். இன்னொரு விஷயம் ஓரளவு நிற்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை லீட்டர் தண்ணீர் குடித்தால் சிலர் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவில், சாப்பாட்டையும் குறைத்திருந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அப்படிச் செய்து பார்த்தார்கள். 12 வாரத்தில், தண்ணீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். 2015இல் பிரித்தானியாவில் 84 பேரிடம் செய்தபோது அந்த வித்தியாசம் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். இரண்டுமே சின்ன ஆய்வுகள். மூன்று மாதத்தில் ஒன்று, இரண்டு கிலோ என்பதை நான் தள்ளிவிடமாட்டேன், உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள். ஆனால் மாதம் பத்துக் கிலோ என்பது வேறு உலகம்.

சிநேகிதி பொய் சொல்லவில்லை. தராசு நாலு கிலோ குறைத்துக் காட்டியிருக்கும். நம் ஈரலிலும் தசையிலும் மாச்சத்தின் சேமிப்பு ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். திடீரென்று சோற்றைக் குறைத்தால் முதலில் அந்தச் சேமிப்பு கரையும், கூடவே அது பிடித்திருந்த தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் குறைவது அநேகமாக இதுதான். திரும்பச் சோறு சாப்பிட்டால் இரண்டு நாளில் வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாலு கிலோ கொழுப்பை ஏழு நாளில் எரிப்பதென்றால் நாளுக்கு 4,400 கலோரி. முழுநாளும் மலையேறிக் கொழுந்து எடுத்தாலும் அவ்வளவு வராது. இரண்டாம் வாரம் ஒன்றும் குறையாதபோது அவர் மனம் உடைந்துபோவார். இதை இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.

அப்படியானால் நம் ஊரில் தண்ணீருக்கும் நிறைக்கும் எங்கே முடிச்சு இருக்கிறது? கோப்பையில் நாம் தண்ணீரோடு சேர்த்து என்ன குடிக்கிறோம் என்பதில். கிளினிக்கில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்போம்: தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி சீனி? எல்லாரும் சொல்வது ஒரே பதில்: “கொஞ்சந்தான் மிஸ், ரெண்டு, மூணு கரண்டி.” ஒரு நாள் வீட்டிலிருந்து சீனிப் போத்தலையும் கரண்டியையும் சின்னச் சமையலறைத் தராசையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பொகவந்தலாவைப் பக்கத்து ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும், வீட்டில் எப்படிப் போடுவாரோ அப்படியே போடச் சொன்னேன். கரண்டியைப் போத்தலுக்குள் விட்டுக் குவித்து எடுத்தார். தட்டிவிடவில்லை. மூன்று கரண்டி. தராசு 20 கிராம் காட்டியது. அளவான தேக்கரண்டி என்றால் ஒன்றுக்கு நாலு கிராம், மூன்றுக்குப் பன்னிரண்டுதான் வரவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணினார்: விடியச் சாம ஒன்று, வேலைக்குப் போகமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, படுக்கமுன் ஒன்று. ஐந்து. நூறு கிராம் சீனி, 400 கலோரி. ஐயா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “இத ஒரு தாள்ல கொட்டிக் குடுங்க மிஸ், வீட்ல காட்டணும்” என்றார்.

அந்த ஐயாவின் கோப்பை 150 மில்லிலீட்டர். நூறு மில்லிலீட்டருக்கு 13 கிராம் சீனி. கடையில் விற்கும் கோலா சோடாவில்கூட நூறு மில்லிலீட்டருக்குப் பத்து, பதினொரு கிராம்தான். சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்ட 2016 முதல் நம் இலங்கையில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறி இருக்கிறது. அதைப் பார்த்துச் சோடாவை வைத்துவிடும் அம்மாமார் வீட்டுக்கு வந்து அதைவிட இனிப்பான தேத்தண்ணீரைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நம் வீட்டுக் கோப்பையில் அந்தக் குறி இல்லாததால் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவின்படி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் இப்படிச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பால்மாத் தேத்தண்ணீர் என்றால் சீனிக்கு மேலே பால்மாவின் கணக்கும் உண்டு: 15 கிராம் முழு ஆடைப் பால்மாவில் 75 கலோரி.

ஆகவே நிறைக்காக நான் சொல்வது இது: தண்ணீரைக் கூட்டுவதைவிடத் தேத்தண்ணீரில் சீனியைக் குறையுங்கள். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. மலையகத்தில் தேத்தண்ணீரை விடச் சொல்பவருக்கு மலையகம் தெரியாது. நீங்கள் நாளுக்கு 60 கிராம் சீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 15 கிராமுக்குக் கொண்டுவந்தால் 180 கலோரி மிச்சம். அதே அளவுச் சாப்பாட்டோடு இருந்தால், காகிதக் கணக்கில் ஒன்றரை மாதத்தில் ஒரு கிலோ. நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், நிறை குறையக் குறைய உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். ஆனால் அது உண்மையான கிலோ, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடாது. ஒரே நாளில் நிறுத்தப் போகவேண்டாம். வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்தவர்கள்தான் கடைசிவரை நின்றார்கள், நான் கண்ட அளவில். நம் பாட்டிமார் சீனியைக் கோப்பையில் போடுவதில்லை, ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கையில் ஒரு கிள்ளு சீனியோ கருப்பட்டித் துண்டோ வைத்துக்கொண்டு, அதைத் தொட்டு நாக்கில் வைத்து, ஒரு கோப்பை சாயத்தண்ணியை அதிலேயே முடிப்பார்கள். ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. அதை மறுபடி பழகச் சொல்லி நான் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன், பலருக்கு அது கைகொடுத்தது. உங்கள் உயரத்துக்கு 71 கிலோ என்பது உடல் நிறைச் சுட்டெண்ணில் (BMI) 29க்கு மேல். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் போனால் நீரிழிவு, பிரஷர் வரும் சாத்தியம் நன்றாகக் கூடும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள், பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு முறை வெறும் வயிற்றில் சுகர் பார்த்துவிடுங்கள், காசு கட்டத் தேவையில்லை.

இனி, எவ்வளவு குடிக்க வேண்டும். ஐந்து லீட்டர் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. எட்டு கிளாஸ் என்ற கணக்குக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. 1945இல் அமெரிக்கச் சத்துணவுக் குழு ஒன்று நாளுக்கு இரண்டரை லீட்டர் என்று சொன்னது. ஆனால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது, அந்த வரியைப் பலர் விட்டுவிட்டார்கள். 2010இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை பெண்களுக்கு 2 லீட்டர், ஆண்களுக்கு இரண்டரை லீட்டர் என்று வைத்தது. 2004இல் அமெரிக்கர்கள் வைத்தது 2.7, 3.7 லீட்டர். இரண்டிலும் சாப்பாட்டிலுள்ள தண்ணீரும் தேத்தண்ணீரும் சேர்த்தி. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், இரண்டு இடத்திலும் சுகமாக இருப்பவர்கள் வழக்கமாக எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் வைத்துத்தான் இந்த அளவு வந்தது. அதற்குக் கீழே போனால் நோய், மேலே போனால் சுகம் என்ற கோடு எதுவும் இல்லை. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், பருப்பிலும் மரக்கறியிலும் அதைவிடக் கூட. ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். காலையிலும் பகலிலும் ரொட்டியும் சம்பலும் சாப்பிடும் வீட்டில் அந்தக் குறையைக் குடித்துத்தான் நிரப்ப வேண்டும்.

உங்களைப் போல் நின்று பேசும் வேலை, குளிர் ஊர், வியர்வை குறைவு என்றால் தேத்தண்ணீரும் சேர்த்து ஆறு முதல் எட்டுக் கிளாஸ் போதும். இரண்டு போத்தல் குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், லீட்டர் போத்தல் என்றால் குறையே இல்லை. தேத்தண்ணீர் குடித்தால் உள்ள தண்ணீரையும் இழுத்து வெளியேற்றிவிடும் என்று சொல்வார்கள். பழக்கமாகக் குடிப்பவர்களுக்கு அப்படி இல்லை, நாலு, ஆறு கோப்பை வரை அது தண்ணீராகவே உடம்பில் சேர்கிறது. ஒன்று மட்டும்: சோற்றோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தில் பாதிக்கும் மேல் உடம்பில் சேராமல் போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கவே கூடாது.

குளிரில் தாகம் எடுப்பதில்லை என்கிறீர்களே, அது உங்கள் கற்பனை அல்ல. குளிரில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் உள்ளே திரளும். உடம்பு, ‘தண்ணீர் தாராளமாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு தாகத்தைக் குறைத்துச் சிறுநீரைக் கூட்டும். மார்கழி விடியலில் வாயிலிருந்து புகை மாதிரிப் போகிறதே, அதுவும் உடம்புத் தண்ணீர்தான். அதனால் இந்த ஊரில் தாகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வயதானவர்களுக்குத் தாகம் இன்னும் மந்தம். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் வெளிறி இருந்தால் சரி. பிளேன்டீ நிறத்துக்குப் போனால் போதவில்லை. நாள் முழுக்க நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தால் அளவுக்கு மேல் குடிக்கிறீர்கள். விற்றமின் மாத்திரை எடுத்தால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒன்று கவனம்: எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டியிருக்கிறது என்றால் அது சுகரின் அறிகுறியாக இருக்கலாம், அப்போது தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டு இரத்தம் பார்க்கப் போக வேண்டும்.

அளவுக்கு மேல் குடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுகமான சிறுநீரகம் மணிக்கு ஒரு லீட்டருக்குக் கிட்டத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் ஊற்றினால் இரத்தத்திலுள்ள சோடியம் என்ற உப்புச் சத்து நீர்த்துப்போகும். முதலில் தலையிடி, குமட்டல். முற்றினால் தடுமாற்றம், வலிப்பு. 2002இல் பொஸ்டன் மரதன் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டத்துக்கு முன்னிருந்ததைவிட முடிவில் நிறை கூடியிருந்தார்கள், அவ்வளவு குடித்திருக்கிறார்கள். காலையில் ஒரு லீட்டரை ஒரே மூச்சில் குடித்தால் உங்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் அது பொருந்தாது. எங்கள் வார்ட்டுக்கு ஒரு தாத்தாவைக் கொண்டுவந்தார்கள், இருதயம் பலவீனமானவர், கிளினிக்கில் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தது. மகன் கொழும்பிலிருந்து லீவில் வந்தவர், அப்பாமேல் உள்ள பாசத்தில், வீடியோ பார்த்து நாலு லீட்டர் குடிக்கவைத்திருக்கிறார். நாலாம் நாள் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வந்தார். பிழைத்துக்கொண்டார். மகன் இரண்டு நாள் வார்ட்டு வாசலைவிட்டு நகரவில்லை. இருதய நோய், முற்றிய சிறுநீரக நோய், சிறுநீரைக் கூட்டும் ‘தண்ணீர் மாத்திரை’ எடுப்பவர்கள், இவர்களுக்கு வைத்தியர் சொன்ன அளவுதான் அளவு. கிட்னியைக் கழுவுவது என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. நடுத்தரச் சிறுநீரக நோயுள்ள 631 பேரைக் கனடாவில் ஒரு வருஷம் பார்த்தார்கள். கூடுதலாகத் தண்ணீர் குடித்ததால் அவர்களுடைய நோய் மெதுவாகவில்லை என்று 2018இல் வந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, நம் பக்கம் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டை, இங்கெல்லாம் பரவும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வேறு. அதன் காரணம் இன்னும் ஆய்வில் இருக்கிறது, அதை வைத்து ஹட்டனில் இருப்பவர்கள் பயந்து லீட்டர் கணக்கில் குடிக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் மாமியார். இதற்குத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதவே உட்கார்ந்தேன். கிளினிக்கில் ஒரு அக்கா வருவார், கொழுந்து எடுப்பவர். ஒரே வருஷத்தில் நாலு தரம் சிறுநீர்த் தொற்று. ஒவ்வொரு தரமும் மருந்து கொடுத்து, “நிறையத் தண்ணி குடிங்க” என்று சொல்லி அனுப்புவோம். நாலாவது தரம் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன், சொன்னதைக் கேட்பதில்லையா என்று. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “குடிச்சா வருமே மிஸ். மலையில எங்க போறது? கவ்வாத்து மலையில ஒதுங்க ஒரு செடி இல்ல. மழ நாள்ல அட்ட. படங்கு, கூடையெல்லாம் அவுத்து வச்சுட்டுப் போய் வந்தா கொழுந்து கொறஞ்சுரும், அர பேர் போட்டுருவாங்க.” கவ்வாத்து மலை என்றால் தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட மலை, படங்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் விரிப்பு, அரை பேர் என்றால் அரை நாள் சம்பளம். காலை ஏழரைக்குப் போனால் பன்னிரண்டு மணி வரைக்கும் அடக்கிக்கொள்வாராம். அடக்க வேண்டி வரக்கூடாது என்றே காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாராம். அத்தனை வருஷம் தாதியாக இருந்தும் நான் அதைக் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு கொழுந்து எடுக்கும் எந்தப் பெண் வந்தாலும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்கமுன், ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேட்பேன்.

தண்ணீர் இந்த எரிச்சலைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களைப் பல்கேரியாவில் ஒரு வருஷம் பார்த்தார்கள். வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லீட்டர் கூடக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தரம் தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தரம். ஏறக்குறைய பாதி. அவர்கள் எல்லாரும் மாதவிடாய் நிற்காத வயதினர். உங்கள் மாமியாரின் வயதை நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எரிச்சலுக்கு வேறு காரணங்களும் சேரும், அதனால் அவருக்கும் இதே அளவு பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் இப்படித்தான்: இத்தாலியில் ஐந்து வருஷம் பார்த்ததில், நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்ப வந்தது. ஆக, சிறுநீர்ப் பைக்கும் கல்லுக்கும் தண்ணீர் மருந்துக்குச் சமம்.

ஆனால் ஐந்து லீட்டர் குடியுங்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். அந்த அக்காவோடு உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். விடியற்காலை எழும்பியதும் இரண்டு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்து மணிக்குக் குடித்தால் ஏழேகாலுக்குள் வீட்டிலேயே இரண்டு தரம் போய்விடலாம். பத்து மணித் தேத்தண்ணீரை நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுத்துப்போட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஒதுங்குவது, அடுத்து ஒரு கிளாஸ் தண்ணீர், சாப்பாட்டோடு இன்னொன்று. பின்னேரம் வீட்டுக்கு வந்தபின் மூன்று கிளாஸ், படுக்கப் போகமுன் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு லீட்டர் வந்துவிடும். மலையில் வந்தால் அடக்கக் கூடாது. இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் படங்கை விரித்து மறைத்துப் பிடிக்க, மாறி மாறிப் போய் வந்தார்கள். இது தீர்வு அல்ல, எனக்குத் தெரியும். மலையில் கழிப்பறைதான் தீர்வு. சில தோட்டங்களில் கட்டியிருக்கிறார்கள். தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கும் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் விதிகளிலேயே தொழிலாளர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால், தொழிற்சங்கத் தலைவர் மூலம் தோட்டத் துரைக்கு (மானேஜருக்கு) எழுதிக் கேட்க அந்த விதியே போதும். நீங்கள் எழுதப் படிக்கத் தெரிந்த மருமகள், அந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் மலையிலிருந்து வருகிறது, தெளிவாக இருக்கிறது என்று அப்படியே குடிக்காதீர்கள். மேலே லயமும் மாட்டுப் பட்டியும் இருந்தால் மழை எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுவரும். 2007இல் கம்பளையில் பரவிய மஞ்சள் காமாலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கொதித்தாறிய தண்ணீர்தான் சரி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், கிருமி சாகாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தச் சூடு தாராளமாகப் போதும். குமிழி விட்டுக் கொப்பளிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிஷம் விடுங்கள், 2,000 மீற்றருக்கு மேல் வீடு என்றால் மூன்று நிமிஷம். விறகுக்கும் காஸுக்கும் தட்டுப்பாடான வீட்டில் தண்ணீர் கொதிக்கவைப்பது சுமை என்பதும் எனக்குத் தெரியும். தேத்தண்ணீருக்கு அடுப்பில் ஏற்றும்போதே கேத்தலை நிரப்பி வைத்து, மிஞ்சியதைச் சுத்தமான மூடி போட்ட போத்தலில் ஊற்றிவிட்டால் தனியாக ஒரு அடுப்பு வேண்டியதில்லை.

மாமியாரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், கூடவே சுகரும் பாருங்கள், சுகர் இருந்தாலும் இப்படித் தொற்று திரும்பத் திரும்ப வரும். போத்தலில் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அறிக்கை குழம்பும். அதற்கு முன்னால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீரில் இரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். வைத்தியரிடம், மலையில் அடக்கிக்கொள்கிறார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அவராகச் சொல்லமாட்டார், கூச்சப்படுவார்.